சொந்த டீச்சர் வராத நாளில்: பினாங்கில் ரிலீஃப் டீச்சராக வேலை செய்ய ஒரு முழு வழிகாட்டி

ரிலீஃப் டீச்சர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும்?" என்றுதான். வண்ணத்தாள், கைப்பொம்மை, புதுப் பாட்டு என்று பை நிறைய எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு.

நானும் முதல் நாள் அப்படித்தான் போனேன். பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு தாடிகா, அதாவது மழலையர் பள்ளி, நான்கு வயது வகுப்பு. ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் கை கழுவிவிட்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. சரியாக அந்த நேரத்தில் கைப்பொம்மையை எடுத்துக் கதையை ஆரம்பித்தேன். ஒரு பையன் எழுந்துபோய்க் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டான். ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். பத்து நிமிடத்தில் பாதி வகுப்பு அழுதது. பசி ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், டீச்சர் இல்லாத அந்தக் காலையில் அவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் 'அடுத்தது என்ன' என்பது. அதையும் நான் எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் புரிந்தது. பிள்ளையின் நாள் எப்படி ஓடுமோ, அப்படியே அறுபடாமல் கொண்டுபோய் வீட்டில் சேர்ப்பதுதான் ரிலீஃப் டீச்சரின் வேலை. புதிதாக எதையும் கொண்டுவரத் தேவையில்லை. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

எங்கே கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் 'பாலர் பள்ளி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மலேசியாவில் இவை சட்டப்படியே வேறு வேறு இடங்கள், வேலையும் வேறு.

தாஸ்கா என்பது நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான பராமரிப்பு இல்லம். 1984-ஆம் ஆண்டின் குழந்தை பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ், சமூக நலத்துறையான ஜேகேஎம்-மில் பதிவு செய்திருக்க வேண்டும். நான்கு குழந்தைகளிலிருந்தே பதிவு கட்டாயம். இங்கே வேலை என்பது பால், பெம்பர்ஸ், தூக்கம், குளியல், தூக்கிவைத்துக்கொண்டு நடப்பது. முதுகும் முழங்காலும் ஒத்துழைக்க வேண்டும்.

தாடிகா நான்கு முதல் ஆறு வயது வரை. இது 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் கீழ், கல்வி அமைச்சின் பார்வையில் வருகிறது. தமிழ்ப்பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் அரசாங்கப் பாலர் வகுப்பு இன்னொரு வகை. அங்கே ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள் வரை இருப்பார்கள். ஆசிரியரோடு பிபிஎம் என்று சொல்லப்படும் உதவியாளர் ஒருவரும் உண்டு. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் ஓரிரு நாள் விடுப்பைப் பள்ளிக்குள்ளேயே சமாளித்துக்கொள்வார்கள். வெளியாளைத் தேடுவது பெரும்பாலும் நீண்ட விடுப்புக்குத்தான். அதனால் தினக்கூலி ரிலீஃப் வேலை என்றால் தனியார் தாஸ்காவும் தாடிகாவும்தான் நமக்குக் களம்.

நீண்ட வேலை வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துவிட்டது. ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போனால் மூன்று மாதத்துக்கு மேல் அந்த வகுப்புக்கு ஆள் வேண்டும். என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கும் நமக்கும் நல்லது இந்த மாதிரி வேலைதான். கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு ஃபைல் தயாராக இருக்கட்டும்

காலை ஆறு மணிக்குப் போன் வந்த பிறகு தாள்களைத் தேட முடியாது. ஐசி (அடையாள அட்டை) நகல், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ், குழந்தைக் கல்வியில் டிப்ளோமா அல்லது திறன் சான்றிதழ் இருந்தால் அதுவும், முதலுதவிச் சான்றிதழ், டைபாய்டு ஊசி போட்ட அட்டை. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து, போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உணவைக் கையாளுகிறவர்களுக்கு டைபாய்டு ஊசி கட்டாயம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். தாஸ்காவில் கஞ்சி ஊட்டாமல் ஒரு நாளும் போகாது, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாஸ்காவில் தொடர்ந்து வேலை செய்ய ஜேகேஎம் ஏற்றுக்கொண்ட அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சி வேண்டும். தாடிகாவில் கற்பிக்க, ஆசிரியராகப் பதிவு செய்திருக்க வேண்டும் அல்லது கற்பிக்கும் பெர்மிட் எடுத்திருக்க வேண்டும். சில இடங்களில் "ஒரு நாள்தானே, எதுக்கு?" என்பார்கள். நீங்கள் கேளுங்கள். பெர்மிட் இல்லாதபோது உதவியாளராக மட்டும் நிற்க ஒப்புக்கொள்வது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

சான்றிதழ்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உங்களால் இப்போது செலவு செய்ய முடியும் என்றால், முதலுதவிப் பயிற்சிக்குச் செய்யுங்கள். செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நடத்துகின்றன. தொண்டையில் அடைத்த குழந்தையின் முதுகில் தட்டுவதை வீடியோவில் பார்ப்பது வேறு. பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழே இருக்கும்படி பிடித்து, ஐந்து முறை முதுகில் தட்டி, திருப்பி ஐந்து முறை நெஞ்சில் அழுத்திப் பழகுவது வேறு.

போனிலேயே கேட்க வேண்டியவை

இந்த வேலை விளம்பரத்தில் வருவதைவிட வாய்வழியாகத்தான் அதிகம் வருகிறது. வீட்டுக்கு அரை மணி நேரத்துக்குள் உள்ள ஏழெட்டு இடங்களுக்கு ஃபைலோடு நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். காலை ஏழரைக்கும் பிற்பகல் பிள்ளைகள் கிளம்பும் நேரத்துக்கும் போகாதீர்கள், யாருக்கும் முகம் கொடுக்க நேரம் இருக்காது. பத்தரை மணி நல்ல நேரம்.

தூரத்தை யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். பெருநிலப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஏழு மணி வேலையை ஏற்றால், பாலத்து நெரிசலில் மாட்டுவீர்கள். படகு இப்போது ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும்தான் ஏற்றுகிறது, கார் ஏறாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் பெற்றோர்கள் ஷிப்டுக்குப் போகிறவர்கள். விடியும் முன்பே தூக்கத்தோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். நாம் பதினைந்து நிமிடம் தாமதித்தால் ஒரு தாயின் ஒரு நாள் சம்பளத்துக்கே பிரச்சினை வரலாம்.

போனில் கூப்பிடும்போது கேளுங்கள்: எந்த வயது, எத்தனை பிள்ளைகள், என்னோடு இன்னும் யார் இருப்பார்கள், எத்தனை மணி வரை, சம்பளம் எவ்வளவு, எப்போது கிடைக்கும்.

இதில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். தாஸ்காவில் ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூன்று குழந்தைக்கு ஒருவர் இருக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஐந்து பேருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் பத்துப் பேருக்கு ஒருவர். இந்தக் கணக்கைச் சும்மா எழுதி வைக்கவில்லை. ஒருமுறை ஓர் இடத்தில் ஒன்றரை வயதுக் குழந்தைகள் எட்டுப் பேரோடு என்னைத் தனியாக விட்டுவிட்டு, "கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒருவனுக்குக் கால் கழுவப் போனால் மற்ற ஏழு பேரும் என் கண்ணில் இல்லை. நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை. அதன் பிறகு அந்த இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அந்த நிமிடமே அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 'புதுசா வந்தவ குறை சொல்றா' என்று நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள்.

சம்பளம் பேசக் கூச்சப்பட வேண்டாம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் ஐந்து நாள் வேலை என்ற கணக்கில் அது ஒரு நாளைக்கு 78.46 ரிங்கிட். முழு நாள் வேலைக்கு அதற்குக் கீழே பேசினால், இந்த எண்ணைத் தன்மையாகச் சொல்லுங்கள். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பற்றியும் கேளுங்கள், மாதக்கணக்கில் போகும் வேலை என்றால் கட்டாயம் கேளுங்கள். பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்: "மேடம், நாளை 7.30 முதல் 5.30 வரை, ஒரு நாளைக்கு இவ்வளவு, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னீர்கள், நன்றி." ஒரு நிலையத்திலிருந்து ஒன்பது நாள் சம்பளம் எனக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆனது. இந்த ஒரு வரி இருந்ததால்தான் கேட்டு வாங்க முடிந்தது.

முதல் அரை மணி நேரம்

பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றாலும் போங்கள்.

முதலில் வகுப்பைச் சுற்றி நடங்கள். கழிவறை எங்கே, வெளியேறும் கதவு எங்கே, அது உள்பக்கம் எப்படிப் பூட்டுகிறது, முதலுதவிப் பெட்டி எங்கே, தீயணைப்புக் கருவி எங்கே. விளையாட்டிடத்தில் வாளி, டயர், பூச்சாடித் தட்டு எதிலாவது தண்ணீர் தேங்கியிருந்தால் கவிழ்த்துவிடுங்கள். டெங்கி கொசு அதில்தான் முட்டையிடுகிறது.

அப்புறம் சமையல் அக்காவிடமோ உதவியாளரிடமோ போய் உட்காருங்கள். பிரின்சிபல் நேர அட்டவணையைக் கொடுப்பார், ஆனால் அந்த வகுப்பின் உண்மையான நாள் அட்டவணையில் இருக்காது. யார் தலையணை இல்லாமல் தூங்கமாட்டாள், யார் நீல நிறத் தம்ளரில் மட்டும்தான் மைலோ குடிப்பான், பொருள்களை எடுத்துவைக்கச் சொல்ல எந்தப் பாட்டைப் பாடுவார்கள், இதையெல்லாம் அறிந்தவர் அந்த அக்கா. "அக்கா, இவங்க காலையிலிருந்து என்னென்ன செய்வாங்க, எனக்கு வரிசையா சொல்லுங்க" என்று கேட்டு, கையளவு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வரிசையை அன்றைக்கு மாற்றாதீர்கள். உங்களிடம் அதைவிட நல்ல யோசனை இருந்தாலும் மாற்றாதீர்கள்.

பிள்ளைகளின் விவரப் புத்தகத்தில் நான்கு விஷயங்களை மட்டும் தேடுங்கள்: ஒவ்வாமை, மருந்து, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, யார் வந்து கூட்டிப்போவார்கள்.

அழுகிற பிள்ளை

வாசலில் உங்களைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேராவது அழுவார்கள். இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் டீச்சர் மேல் உள்ள பாசம்தான் அது.

தூக்கிக்கொள்ள அவசரப்படாதீர்கள். தெரியாத ஆள் சட்டென்று தூக்கினால் பயம் கூடும். முழங்காலிட்டு அவர்கள் உயரத்துக்கு இறங்குங்கள். நேராகப் பக்கத்தில் போகாமல் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். உண்மையைச் சொல்லுங்கள்: "உங்க டீச்சருக்கு உடம்பு சரியில்லை. இன்னைக்கு நான் உங்களோட இருப்பேன். சாப்பிட்டு, விளையாடி, தூங்கி எழுந்ததும் அம்மா வருவாங்க." நான்கு வயதுப் பிள்ளைக்கு 'ஐந்து மணி' புரியாது. 'தூங்கி எழுந்ததும்' புரியும். "இதோ இப்ப வந்துருவாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கால் மணி நேரத்தில் அது பொய்யென்று தெரிந்துவிடும், அன்று முழுக்க நீங்கள் சொல்லும் எதையும் அந்தப் பிள்ளை நம்பாது.

அம்மாவிடமும் ஒரு வேண்டுகோள் வையுங்கள். கண்ணில் படாமல் நழுவிப்போகாமல், சொல்லிவிட்டுப் போகட்டும். கையசைத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அன்றைக்கும் அது நடக்க வேண்டும். அப்புறம் அழுகிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். "தட்டு எங்க வைப்பீங்க? எனக்குத் தெரியலையே, காட்டுறீங்களா?" என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்பது உண்மைதானே.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல தாடிகாக்களில் பாடம் ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, பயந்த நேரத்தில் தமிழுக்குத்தான் திரும்பும். "வலிக்குது" "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லும்போது "இங்கிலீஷ்ல சொல்லு" என்று திருத்தாதீர்கள். அந்த நேரத்தில் அதே மொழியில் பதில் வருவதுதான் பிள்ளைக்கு ஆறுதல். மலாய், சீனப் பிள்ளைகளுக்காக 'வலி', 'தண்ணீர்', 'கழிவறை', 'அம்மா வருவார்' என்ற நான்கையாவது அவர்கள் மொழியில் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பையில் இருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு படக்கதை, இரண்டு விரல் பாட்டு, மாற்றுச் சட்டை, தண்ணீர். இதெல்லாம் மழை பெய்து வெளியே போக முடியாத அரை மணி நேரத்துக்கு. காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டும் புகைமூட்ட நாளிலும் வெளி விளையாட்டு கிடையாது.

சாப்பாடு, மருந்து, தூக்கம்

இந்த மூன்றிலும் உங்கள் ஊகத்துக்கு இடமே இல்லை.

சாப்பாட்டில் மதக் கட்டுப்பாடும் ஒவ்வாமையும் ஒரே அளவு கவனம் கேட்பவை. வீட்டிலிருந்து வந்த டப்பாவைப் பிள்ளைகள் மாற்றிக்கொள்ளாமல் பாருங்கள். ஹலால் உண்ணும் பிள்ளை, மாட்டிறைச்சி உண்ணாத பிள்ளை, வெள்ளிக்கிழமை சைவம் இருக்கும் பிள்ளை எல்லாரும் ஒரே மேசையில் இருப்பார்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். லோங்கான், ரம்புத்தான் கொட்டையோடு கொடுக்கக் கூடாது. பிறந்தநாள் பையில் வரும் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்), கெட்டி முறுக்கு, கப் ஜெல்லி எல்லாம் பையிலேயே வீட்டுக்குப் போகட்டும்.

புத்தகத்தில் 'ஜி6பிடி' என்று எழுதியிருந்தால் அது சாதாரணக் குறிப்பு அல்ல. அந்தப் பிள்ளைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சில பொருள்களால் உடைந்துபோகும். அலமாரியில் போடும் அந்துருண்டையின் வாசமே ஆகாது. சில மருந்துகளும் ஆகாது. வகுப்பு அலமாரியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

மருந்து, பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டதாக இருந்தால் மட்டும், பிரின்சிபலுக்குத் தெரிந்து மட்டும் கொடுக்க வேண்டும். "காலையில அம்மா சொன்னாங்க" என்பது போதாது.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலையணையில் புட்டியைச் சாய்த்துவிட்டு நகர்வது, எத்தனை பேர் செய்தாலும், நீங்கள் செய்யாதீர்கள். மூச்சுக்குழாயில் பால் போய்விடும். தூங்க வைக்கும்போது மல்லாக்க, முகத்தருகே பொம்மையோ கனத்த போர்வையோ இல்லாமல். தூங்கும் நேரம் நம் போன் நேரம் அல்ல. அடிக்கடி எழுந்து ஒவ்வொரு நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

கை, கால், வாய் நோய் பரவும் காலத்தில் காலையிலேயே உள்ளங்கை, பாதம், வாய் மூன்றையும் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். இந்தக் கிருமிக்கு ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவத்தான் வேண்டும், பொம்மைகளை குளோரின் கலந்த நீரில் துடைக்க வேண்டும். ஜெல் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் போதும் என்று இருக்கும் இடங்களில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நேரம்

நாள் முழுவதிலும் ரிலீஃப் டீச்சர் தவறு செய்ய மிக எளிதான நேரம் இதுதான். வழக்கமான டீச்சருக்கு எல்லா முகமும் தெரியும். நமக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு மாலை ஒரு தாத்தா வந்தார். பிள்ளை "தாத்தா!" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. "ஐயா, ஒரு நிமிஷம் உட்காருங்க, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, "என் பேரன் எனக்குத் தெரியாதா?" என்றார். அம்மாவின் போன் கிடைக்க இருபது நிமிடம். அவர் உண்மையான தாத்தாதான். மறுநாள் அந்த அம்மா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை ஆளை அடையாளம் காட்டுவது அனுமதி ஆகாது. குடும்பத்துக்குள் வழக்கு நடக்கும் வீடுகளும் உண்டு, அங்கேயும் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். வேனில் போகும் பிள்ளைகளுக்கு, வேன் அங்கிளின் பெயரையும் வண்டி எண்ணையும் காலையிலேயே எழுதி வைத்துக்கொண்டு, ஏற்றும்போது தலையை எண்ணுங்கள்.

காயத்தைக் கண்டால்

பெம்பர்ஸ் மாற்றும்போது, குளிக்க வைக்கும்போது, விழுந்து வந்ததாக நம்ப முடியாத தழும்போ சூட்டுக் காயமோ கண்ணில் படலாம். பிள்ளையைத் துருவிக் கேட்காதீர்கள். பார்த்ததை, பிள்ளை தானாகச் சொன்னதை, அதே சொற்களில் நேரம் போட்டு எழுதுங்கள். பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, குழந்தை பராமரிப்பவர் சந்தேகம் வந்தால் நல அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருப்பது குற்றம். ஒரு நாள் வந்த ரிலீஃப் என்பதால் அந்தக் கடமை குறைவதில்லை. பொறுப்பாளர் "குடும்ப விஷயம், விடுங்க" என்றால் நீங்களே தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று நீங்கள் வீட்டில் யோசிக்கும் இரவில், அந்தப் பிள்ளை அதே வீட்டில்தான் இருக்கும்.

கிளம்பும் முன்

கடைசிப் பிள்ளை போனதும் பத்து நிமிடம் உட்கார்ந்து, திரும்பி வரும் டீச்சருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். யார் சாப்பிடவில்லை, யார் எவ்வளவு நேரம் தூங்கினார்கள், யார் விழுந்து முழங்காலில் சிராய்த்தது, எந்தப் பெற்றோரிடம் அதைச் சொன்னீர்கள், எந்தப் பொம்மை உடைந்தது. குறையை மறைக்காதீர்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையுங்கள், மேசைகளைக் காலையில் இருந்தபடியே போடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் தன் டீச்சரைப் பற்றி அன்றைக்குச் சொன்ன ஏதாவது ஒன்றையும் எழுதுங்கள். நான் எழுதிய ஒரு குறிப்பில், "தூங்கும் முன் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று காவல் இருந்தான்" என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை அந்த டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. தொண்டை இன்னும் சரியாகவில்லையாம், ஆனாலும் வேலைக்குக் கிளம்பிவிட்டாராம். அடுத்த முறை லீவு எடுத்தால் என்னையே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.